அதிகைப் புறத்தில் ஓர் இரவு

நெல்லிக்குப்பத்திலிருந்து மேற்கே பண்ணுருட்டி நோக்கிச் செல்லும் சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் இருமருங்கிலும் இரண்டு ஆறுகள் ஓடுகின்றன. வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம். கரும்பும் நெல்லும் விளையும் இந்த இடைநிலத்தைச் சருக்கரை ஆலையால் அறிந்தோர் பலர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் பாரி நிறுவனத்தின் ஆலை நெல்லிக்குப்பத்திற்கு அந்தப் பெயரைத் தேடித் தந்தது. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மாலைப்பொழுதில், இவ்விரண்டு ஆறுகளுக்கும் நடுவே ஒரு கவிஞர் வந்து நின்றார். கண்ணெதிரே ஓர் ஊர் இருந்தது. அவ்வூர்க் கோயிலை வழிபடவே அவர் வந்திருந்தார். ஆயினும் ஊருக்குள் அவர் அடியெடுத்து வைக்கவில்லை. தமக்கு முன் வாழ்ந்த வேறொரு கவிஞர் தம் கையால் புல் செதுக்கித் தொண்டு செய்த மண் அது. அதைக் காலால் மிதிக்க அவருக்கு அச்சமாக இருந்தது.

வந்து நின்றவர் சுந்தரர். ஊர் திருவதிகை. உழவாரம் ஏந்தி அவ்வூர் மண்ணைத் திருத்தியவர் திருநாவுக்கரசர். இதனை நமக்குச் சொல்பவர், 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார்.

நூலைப் படித்தவர் அந்நூல் பிறந்த மண்ணைக் காணத் தனியே புறப்படுவதை ஆங்கிலேயர் ஒரு கலையாகவே வளர்த்திருக்கின்றனர். வேர்ட்ஸ்வொர்த் 1799 முதல் 1808 வரை குடியிருந்த கிராஸ்மியர்ச் சிறுமனை 1891 முதல் காட்சியகமாக இருந்துவருகிறது. பிராண்டி சகோதரிகள் வாழ்ந்த ஹாவர்த் பாதிரியார் இல்லம் 1928இல் அவ்வாறே பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கையில் கவிதை நூலும் தோளில் பையுமாக அந்நாட்டு மலைச்சரிவுகளில் நடப்போர் இன்றும் உளர். தமிழ்நாட்டில் இவ்வழக்கம் இல்லையே என வருந்துவோரைக் கவியரங்க மேடைகளிலும் கேட்க முடிகிறது. அவ்வளவு வருந்த வேண்டுவதில்லை. சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரிக் கரை வழியே சென்று எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ 1971இல் வெளிவந்தது. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைப் படித்துவிட்டு வீராணம் ஏரிக்கரையில் நின்று வந்தியத்தேவனின் குதிரையைக் கற்பனை செய்யாத கடலூர் மாவட்டத்து வாசகர் மிகச் சிலரே. எனினும் நூலறிந்த ஒருவர் நூலாசிரியரின் ஊரை எவ்வாறு அணுக வேண்டும் என்னும் வினாவைத் தமிழில் முதன்முதலில் ஆழமாக எழுப்பியவர் சேக்கிழார் என்றே தோன்றுகிறது. அவர் தரும் விடை, காட்சியகத்தின் வாயிலைக் கடந்து உள்ளே செல்லும் ஆங்கிலேயப் பயணியின் வழக்கத்திற்கு நேர்மாறானது. அது எல்லையில் நின்றுவிடுதல்.

இப்பகுதிக்குப் பழம்பெயர் திருமுனைப்பாடி நாடு. இன்றைய ஆட்சிப் பிரிவில் அது கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் பங்கிடப்பட்டுக் கிடக்கிறது. 1993 வரை இவை மூன்றும் தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டமாக இருந்தன. கெடிலக் கரையிலுள்ள திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். பண்ணுருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூர் அப்பர் பிறந்த ஊர். தேவாரம் பாடிய மூவருள் இருவரை ஒரே நாடு, ஏறத்தாழ ஒரு நாள் நடைத் தொலைவுக்குள், பெற்றெடுத்திருக்கிறது. இந்நாட்டின் சிறப்பைப் பாடத் தம்மால் ஆகுமோ என்று சேக்கிழார் அப்பர் வரலாற்றின் தொடக்கத்தில் தயங்குகிறார். அவரது தயக்கம் வெறும் அவையடக்கமன்று. அவருக்குப் பின்னும் இந்நிலம் ஓயவில்லை. மெய்கண்டார் வாழ்ந்தது திருவெண்ணெய்நல்லூரில். அவர்தம் மாணாக்கர் அருள்நந்தி சிவாசாரியாரின் ஊர் திருத்துறையூர். உண்மை விளக்கம் செய்த மனவாசகங் கடந்தாருக்கு ஊர் திருவதிகையே. கம்பரைப் புரந்த சடையப்ப வள்ளலும் வெண்ணெய்நல்லூரோடு சேர்த்தே பேசப்படுகிறார். பலாவும் முந்திரியும் மட்டுமே இவ்வட்டாரத்தின் விளைபொருள் என்று எண்ணுவோர் இதனை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

சுந்தரர் எந்த வழியாக வந்தார்? தடுத்தாட்கொண்ட புராணம் அதனை ஊர் ஊராகச் சொல்கிறது. புத்தூரில் திருமணம் நடைபெறும் வேளையில் முதியவர் ஒருவர் ஓலையோடு வந்து, ‘இவன் எனக்கு அடிமை’ என வழக்கிடுகிறார். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவையில் முடிகிறது. முதியவர் அருட்டுறைக் கோயிலுக்குள் சென்று மறைய, சுந்தரர் அங்கே முதற்பதிகம் பாடுகிறார். பின்னர்த் திருநாவலூர், அதன்பின் திருத்துறையூர். துறையூரில் தவநெறி வேண்டிப் பாடிய பிறகு தில்லையை நினைந்து புறப்படுகிறார். வழியில் பெண்ணையாற்றைக் கடக்கிறார். கதிரவன் மேல்கடலைச் சேரும் நேரத்தில் திருவதிகையின் புறத்தை அடைகிறார்.

வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு படிப்போர் இவ்விடத்தில் இடறுவர். இன்றுள்ள திருத்துறையூர் பெண்ணையாற்றுக்குத் தெற்கே இருக்கிறது. திருவதிகையும் பெண்ணைக்குத் தெற்கே, கெடிலத்தின் வடகரையில் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்பவர் பெண்ணையைக் கடக்க வேண்டிய தேவையே இல்லை. தொண்டை நாட்டுக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் திருமுனைப்பாடியின் நிலக்கிடக்கை அறியாமல் எழுதிவிட்டார் என்று தீர்ப்புச் சொல்வது எளிது. ஆனால் சுந்தரர் தாமே துறையூரில் பாடிய பதிகம் அத்தீர்ப்பைத் தடுக்கிறது. மலையருவியின் மணிகளை வாரிக்கொண்டு வரும் பெண்ணைக்கு வடபால் உள்ளது துறையூர் என்று அப்பதிகம் திரும்பத் திரும்பக் கூறுகிறது. ஊரிலேயே நின்று பாடியவர் ஆற்றின் வடகரையைத் தென்கரையாக மயங்கியிருக்க இயலாது. ஆகவே சுந்தரர் காலத்தில் ஆறு ஊருக்குத் தெற்கே ஓடியது. பின்னர் அது வடக்கே விலகிச் சென்றது என்று கொள்வதே பொருந்தும். பெண்ணைக்கும் கெடிலத்திற்கும் இடையே மலட்டாறு என்னும் கிளை இன்றும் கிடக்கிறது. பெயரே அதன் நிலையைச் சொல்கிறது. பெண்ணையின் பழைய தடம் இந்த இடைவெளியில்தான் தேடப்பட வேண்டும்.

ஆறு இடம் மாறக்கூடும் என்பதை இக்கரை மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2024 திசம்பரில் பெஞ்சல் புயலை ஒட்டிச் சாத்தனூர் அணையின் நீர் பெண்ணையில் இறங்கியபோது கரையோர ஊர்கள் பட்ட பாட்டை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மண்ணியல் அறிஞர் தேடி அறிய வேண்டிய ஒரு செய்தியைப் பதிகத்தின் ஒரு சொல் காத்து வைத்திருக்கிறது என்பதே இங்குக் கருதத்தக்கது. ‘வடபால்’ என்னும் அச்சொல்லைக் கோயிலில் பண்ணோடு பாடுவோர் இன்றும் பாடிக்கொண்டுதான் இருக்கின்றனர். ஆறு மட்டும் அதற்கு உடன்படவில்லை. கெடிலக் கரையின் வரலாற்றைத் தனியொருவராக ஆராய்ந்து ‘கெடிலக் கரை நாகரிகம்’ என்னும் பெருநூலைத் தந்த சுந்தர சண்முகனார் இம்மண்ணின் மைந்தர். ஓர் ஆற்றுக்கு இத்தனை பெரிய நூலா என்று வியப்போர், இந்தச் சிற்றாற்றின் கரையில் நடந்தவர் யார் யார் என்று எண்ணத் தொடங்கினால் வியப்பை விட்டுவிடுவர்.

இனி அந்த இரவு. ஊருக்குள் புகாத சுந்தரர், மடை நீர் பாயும் வயல்புறத்தில் இருந்த சித்தவட மடத்தில் தங்குகிறார். பண்ணுருட்டிக்கு மேற்கே புதுப்பேட்டையை அடுத்து இம்மடத்தின் இடம் இன்றும் காட்டப்படுகிறது. உடன் வந்த பரிசனங்கள் சுற்றிலும் உறங்க, அவர் வீரட்டானத்து இறைவன் திருவடியை எண்ணியவாறு துயில்கொள்கிறார். ஓசையின்றி ஒரு முதிய மறையவர் மடத்தினுள் வந்து, சுந்தரரின் தலைமேல் தம் அடி படுமாறு படுத்துவிடுகிறார். விழித்த சுந்தரர், ‘உம் அடியை என் தலையில் வைத்தீரே’ என்கிறார். ‘முதுமையால் திசை தெரியவில்லை’ என்பது மறுமொழி. சுந்தரர் தலையை வேறு திசையில் வைத்துப் படுக்கிறார். அடிகள் அங்கும் வருகின்றன. ‘இப்படிப் பலகாலும் மிதிக்கின்ற நீர் யார்?’ என்று கேட்கிறார். ‘என்னை அறியாயோ?’ என்று சொல்லி முதியவர் மறைந்துபோகிறார்.

சேக்கிழாரின் சொல்லாட்சி இவ்விடத்தில் நுணுகி நோக்கத்தக்கது. அப்பர் தொண்டு செய்த ஊரை மிதிக்க அஞ்சுகிறேன் என்று நிற்கும்போது சுந்தரர் வாயில் வரும் வினையும், தம் தலைமேல் கால் வைத்த முதியவரைக் கடியும்போது அவர் வாயில் வரும் வினையும் ஒன்றே: மிதித்தல். கவிஞர் ஒருவரின் மண்ணை மிதியாது விட்டவர், அன்றிரவே தம் தலையில் மிதிபடுகிறார். முன்னது அவரது பணிவு. பின்னது அப்பணிவுக்குக் கிடைத்த பேறு. இரண்டையும் ஒரே சொல்லால் கட்டிவிட்டு, அது குறித்து ஒரு விளக்கமும் தராமல் சேக்கிழார் மேலே சென்றுவிடுகிறார். கட்டியது தெரியாமல் கட்டுவது எப்படி என்று கேட்கும் இளங்கவிஞருக்கு இதனைக் காட்டலாம்.

இது நடந்த நிகழ்ச்சிதானா என்று வரலாற்று மாணவர் கேட்பார், கேட்கவும் வேண்டும். சித்தவட மடத்தில் பாடியதாகச் சொல்லப்படும் பதிகம் கையில் உள்ளது. அதில் முதியவர் இல்லை, மடம் இல்லை, பரிசனமும் இல்லை. ஒருவர் தமக்குத் தாமே பேசிக்கொள்ளும் தனிமைக் குரலே பதிகம் முழுதும் ஒலிக்கிறது. இறைவன் தன் அடியை என் தலைமேல் வைப்பான் என்னும் ஆசையால் வாழ்கின்றேன் என்று முதற்பாட்டில் சுந்தரர் சொல்கிறார். கெடிலத்து வீரட்டானத்தில் உறைபவனை நான் சிறுபொழுதேனும் இகழ்வேனோ என்பது பாட்டுத்தோறும் மீண்டு வரும் முடிப்பு. அடி வைக்கும் ஆசையையும், இகழ்ந்துவிட்டேனோ என்னும் கலக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் கதையின் விதை தெரிகிறது. இகழ்வேனோ என ஒருவர் பத்துமுறை சொல்வாராயின், இகழ்ந்ததுபோல் ஏதோ நடந்திருக்க வேண்டும் அன்றோ? பதிகத்தை உள்ளத்தில் ஊறவைத்த சேக்கிழாரோ, அவருக்கு முன் வழங்கிய மரபோ, அந்த ‘ஏதோ’ ஒன்றை நிகழ்ச்சியாக விரித்திருக்கலாம். பெரியபுராணத்தின் பல பகுதிகள் இவ்வாறு பதிகத்திலிருந்து வளர்ந்தவையே. அதனால் புராணத்தின் மதிப்புக் குறைவதில்லை. பதிகத்தைப் படிக்கும் முறையே அங்கு வரலாறாக உருவெடுத்திருக்கிறது.

ஆனால் அப்பர் பொருட்டு ஊருக்குள் புகாமை என்னும் செய்திக்கு அப்பதிகத்தில் விதையே இல்லை. அப்பர் பெயரும் அதில் வரவில்லை. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது?

பெரியபுராணத்தை முழுதாகப் படிப்போர் இதே நிகழ்ச்சியை வேறு இரண்டு இடங்களிலும் காண்பர். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்த திருவாலங்காட்டைத் தம் காலால் மிதிக்க ஞானசம்பந்தர் அஞ்சுகிறார். அருகிலுள்ள ஊரில் இரவு தங்குகிறார். கனவில் இறைவன் வந்து, ‘நம்மைப் பாட மறந்தாயோ?’ என்று கேட்கவே பதிகம் பிறக்கிறது. சுந்தரரே, தில்லையிலிருந்து திருவாரூருக்குச் செல்லும் வழியில், சம்பந்தர் பிறந்த கழுமலத்தினுள் அடிவைக்க மாட்டேன் என்று சீகாழி எல்லையைப் புறத்தே வலம் வருகிறார். இறைவன் எல்லைக்கே வந்து காட்சி தருகிறான். அவர் அங்குப் பாடிய பதிகமோ, கழுமல வளநகரில் கண்டுகொண்டேன் என்றே சொல்கிறது. ஊரின் புறத்தே கண்டேன் என்று அதில் இல்லை. மூன்று இடங்களிலும் நிற்பவர் கவிஞர். நிற்கச் செய்தவரும் கவிஞர். காரைக்காலம்மையார், அப்பர், சம்பந்தர் என்னும் மூவரின் மண்ணும் பின்வந்த பாவலரின் கால் படாமல் காக்கப்படுகிறது. மூன்றிலும் தயக்கத்துக்குப் பின் இறைவனே எழுந்து வருகிறான்; மூன்றிலும் முடிவு ஒரு பதிகம்.

ஒருமுறை வந்தால் நிகழ்ச்சி எனலாம். மும்முறை வந்தால் அது ஆசிரியரின் கொள்கை. எல்லையில் நிற்கும் இவ்வொழுக்கம் 7ஆம், 8ஆம் நூற்றாண்டுக் கவிஞர்களுடையது என்று சான்று காட்ட இயலாது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அவர்களுக்கு அளித்த ஒழுக்கம் என்று கொள்வதே நேர்மையான முடிபாகும்.

அக்காலத்தின் நிலையும் இதற்கு இயைந்தே இருக்கிறது. சேக்கிழாருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னரே தேவாரக் கவிஞர்கள் கோயில்களில் படிமங்களாக எழுந்தருளிவிட்டனர். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் அலுவலன் ஆதித்தன் சூரியன் என்பவன் நம்பியாரூரர், நங்கை பரவையார், திருநாவுக்கரையர், ஞானசம்பந்தர் ஆகியோரின் செப்புத் திருமேனிகளை அமைத்தான். அக்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்யப் பிடாரர் 48 பேரும், உடுக்கை வாசிப்பார் ஒருவரும், கொட்டி மத்தளம் வாசிப்பார் ஒருவருமாக 50 பேர் இருந்தனர். பாட்டைப் பாடியவர்கள் வழிபாட்டுக்குரியோராக மாறிய காலம் அது. திருவதிகையிலேயே இம்மாற்றத்தைக் கல்லில் காணலாம். முதற் குலோத்துங்கன், விக்கிரம சோழன் ஆகியோரிடம் படைத்தலைவனாக இருந்த மணவிற் கூத்தன் காலிங்கராயன் என்னும் நரலோகவீரன் அதிகையில் செய்த திருப்பணிகள் வெண்பாக்களாகவே பொறிக்கப்பட்டுள்ளன. கட்டடக் கணக்கை வெண்பாவில் எழுதிய அந்தப் பெயர் தெரியாப் புலவருக்கு இம்மலரின் வாசகர்கள் ஒரு வணக்கம் சொல்லலாம். அத்திருப்பணிகளுள் வாகீசருக்கு, அதாவது திருநாவுக்கரசருக்கு, இடம் அமைத்ததும் ஒன்று. தில்லையில் தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதுவித்தவனும் இவனே. சேக்கிழாருக்கு ஒரு தலைமுறை முன்பே அதிகை, வீரட்டானத்து இறைவனின் ஊராக மட்டுமன்றி, அப்பரின் ஊராகவும் நிலைபெற்றுவிட்டது. அந்த அதிகையைத்தான் சேக்கிழாரின் சுந்தரர் மிதிக்க அஞ்சுகிறார்.

இவ்வாறு சொல்வதால் வரலாற்றுச் சுந்தரருக்கு அப்பரிடம் பற்று இல்லை என்று ஆகிவிடாது. சேக்கிழார் வெற்றிடத்திலிருந்து இதனைப் படைக்கவில்லை. சுந்தரரின் காலம் குறித்து ஆய்வாளரிடையே உடன்பாடில்லை. திருத்தொண்டத் தொகையில் உலகு காப்பவனாக அவர் குறிக்கும் காடவர்கோன் கழற்சிங்கன் இராசசிம்ம பல்லவன் என்போர் அவரை 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைப்பர். மூன்றாம் நந்திவர்மன் என்போர் 9ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவருவர். எக்கணக்கின்படியும் அப்பருக்கு அவர் காலத்தால் பிற்பட்டவர். அந்த இடைவெளியில் அப்பரின் பாடல்களை அவர் எவ்வளவு ஊன்றிப் படித்திருந்தார் என்பதற்கு அவர் பாடல்களே சான்று. திருநின்றியூர்ப் பதிகத்தில் அப்பர் பாடியவற்றுக்கு எண்ணிக்கையே தருகிறார்: ஏழெழுநூறு, அதாவது 4900. இன்று நமக்குக் கிடைத்திருப்பவை 300க்குச் சற்று மேற்பட்ட பதிகங்களே. திருவலிவலத்தில், ஞானசம்பந்தரும் நாவுக்கரசரும் பாடிய தமிழ்மாலைகளையே திரும்பச் சொல்லிப் போற்றுவதை விரும்பி ஏற்பவன் என்று இறைவனைப் பாடுகிறார். புதிதாகப் பாட வல்ல ஒருவர், பழையதைத் திரும்பச் சொல்வதில் இறைவன் மகிழ்கிறான் என்று பாடுவது எளிய செய்தியன்று. இன்று கவியரங்குகளில் தம் கவிதையைத் தவிர வேறொருவர் கவிதை ஓரடியும் நினைவில் இல்லாதோர் சிலரேனும் உளர் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

இன்னொன்றும் உண்டு. சித்தவட மடத்துப் பதிகத்தில் சுந்தரர் தம் வாழ்வின் ஆசையாகச் சொல்வது திருவடி தலைமேல் படுதல். இதே ஆசையை அவருக்கு முன் கொண்டவர் அப்பர். சத்திமுற்றத்தில் அப்பர் இறைவன் திருவடி தம்மேல் பதிய வேண்டுமென இறைஞ்சினார். நல்லூரில் அப்பேறு பெற்றதைத் தாமே பாடினார். காவிரிக் கரையில் அப்பருக்குக் கிடைத்தது, கெடிலக் கரையில் தமக்கும் கிடைக்காதா என்பதே சுந்தரரின் ஏக்கமாக இருக்கலாம். அப்பர் பெயர் பதிகத்தில் இல்லை என்று மேலே கூறப்பட்டது. பெயர் இல்லையேனும், அப்பர் சூலை தீர்ந்து முதன்முதலில் வாய் திறந்து பாடிய அதிகையில், அப்பர் வேண்டிய அதே பேற்றை வேண்டிப் பாடுகிறார் சுந்தரர். முன்னோர் பாட்டின் நிழல் இதில் விழவில்லை என்று யார் சொல்ல முடியும்? சேக்கிழார் அந்த நிழலைக் கண்டார். கண்டதை, ஊரெல்லையில் தயங்கி நிற்கும் ஒரு மனிதனாக வரைந்து காட்டினார். சான்றின் வழியே நோக்கினால் அது புனைவு. பதிகங்களின் உள்ளுறையை நோக்கினால் அதைவிடப் பொருத்தமான வரலாறு எழுதியிருக்க முடியாது.

உழவாரத்தைப் பற்றியும் ஒரு சொல். திலகவதியார் அதிகைக் கோயிலில் மெழுக்கிட்டும் மலர் தொடுத்தும் தொண்டாற்றினார். தம்பி அப்பர் கையில் எடுத்தது கோயில் முற்றத்தின் புல்லைச் செதுக்கும் கருவி. பாடலிபுத்திரம் எனப்பட்ட இன்றைய திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பள்ளியின் தலைவராகத் தருமசேனர் என்னும் பெயரோடு விளங்கியவர் அவர். அப்பள்ளி சிறிதன்று. ‘லோகவிபாகம்’ என்னும் சமண நூல் பல்லவன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 458இல், அவ்வூரில் படியெடுக்கப்பட்டது என்று அந்நூலே கூறும். அத்தகைய கல்விக்கூடத்தின் தலைவர் அதிகைக்கு வந்தபின் புல் செதுக்கினார். சுந்தரரின் அச்சத்துக்குச் சேக்கிழார் காட்டும் காரணம் இதுவே: உழவாரப் படையாளி கைத்தொண்டு செய்த ஊர் இது. இங்கே பாடினார் என்று அவர் சொல்லவில்லை. கையால் வேலை செய்தார் என்று சொல்கிறார். கவிஞர்கள் இவ்வேறுபாட்டைக் கருத வேண்டும்.

மறுநாட் காலை சுந்தரர் கெடிலத்தில் நீராடுகிறார். அதிகை இறைவனுக்குப் பொன்னும் மணியும் முத்தும் மலரும் கொண்டுவந்து அலைக்கையால் வழிபடும் ஆறு ஆதலின், அதனைத் தென்றிசைக் கங்கை என்கிறார் சேக்கிழார். இந்நாளில் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவும் கோரையாகவும் கிடக்கும் ஆற்றைப் பார்ப்போர்க்கு இவ்வருணனை வேடிக்கையாகத் தோன்றலாம். மழைக்காலத்தில் பார்த்தவர் நகைக்கமாட்டார். வீரட்டானத்து இறைவன் அடியைப் போற்றிய பின் அவர் அங்கிருந்து அகன்று, ஆற்றின் தென்கரை வழியே நடந்து திருமாணிக்குழியை அடைந்தார் என்று புராணம் கூறுகிறது. அதிகை வடகரையில் இருப்பதும் மாணிக்குழி தென்கரையில் இருப்பதும் இன்றும் அப்படியே உள்ளன. பெண்ணையைப் போலக் கெடிலம் இங்கு இடம் மாறவில்லை. சேக்கிழார் ஆற்றின் கரையை எழுதும்போது பிழைபடுவதில்லை என்பதற்கு இது மற்றொரு சான்று.

அவ்வழியில் தனியாக நடந்து பார்க்க விரும்புவோர்க்கு ஒரு பகற்பொழுது போதும். முதல்நாள் மாலை சித்தவட மடத்தில் நின்று, மறுநாள் விடியலில் அதிகைத் துறையில் ஆற்றைக் கடந்து, தென்கரையோடு கிழக்கே நடந்தால், இடக்கைப் பக்கம் ஆற்றுக்கு அப்பால் நெல்லிக்குப்பத்தின் கரும்பு வயல்கள் தொடர்ந்து வரும். திருக்கண்டீச்சுரமும் அப்பக்கமே. நெய்வேலியிலிருந்து வருவோர் பண்ணுருட்டியில் பேருந்தை விட்டு இறங்கினால் போதும். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பிறகு உருவான நகரத்தில் வளர்ந்தவர்க்கு, தம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இப்படியொரு பாதை கிடப்பது தெரியாமலே போயிருக்கலாம். சித்திரைச் சதயத்தில், அப்பர் முத்தியடைந்த நாளில், அதிகை ஊரே கூடியிருக்கும். கூட்டம் வேண்டாதவர் வேறு நாள் பார்த்துக்கொள்வது நல்லது.

மாணிக்குழிக்குச் சம்பந்தரின் பதிகம் உண்டு; சுந்தரர் பாடியதாக ஒன்றும் இன்று கிடைக்கவில்லை. அங்கிருந்து அவர் தினைநகர் சென்றார். கடலூருக்குத் தெற்கே தீர்த்தனகிரி என வழங்கும் அவ்வூரில் அவர் பாடியது கிடைத்திருக்கிறது. அதன்பின் தில்லை. அதிகை ஊருக்குள் அவர் எப்போதாவது அடிவைத்தாரா என்பதைச் சேக்கிழார் வெளிப்படையாகச் சொல்லவில்லை.